12 டீம், ரெண்டா பிரிச்சு ஆடுற டென்மார்க் முறை நம்ம கடக்கரை ஃபுட்பால் லீக்குக்கு சரிப்படுமா?

கடக்கரை பதினொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிச்சிட்டு மட்டும் இருந்த ஆளு நான், இன்னைக்குத்தான் மொதல்ல எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கிடுங்க.

எங்க தூத்தூர் பக்கம் மீன்பிடி தடைக்காலம் வந்தா, ஜூன் ஜூலையில, 12 ஊரு டீம் சேத்து ஒரு லீக் நடத்துவோம். ஒவ்வொருத்தரும் மத்த 11 பேரு கூட ஒரு மேட்ச், புள்ளி கூடுனவன் கப்பு தூக்குவான், அவ்ளோதான் ரூல். போன வருசம் ஒரு டீம் ஏழு மேட்ச்லயே எட்டு புள்ளி முன்னாடி போயிட்டான், நல்லாத்தான் ஆடுனான் அத குத்தம் சொல்லல, ஆனா அதுக்குப் பொறவு மத்தவனுக்கு ஆட மனசே வரல பாத்துக்கிடுங்க. கடைசி ரெண்டு வாரத்துல அஞ்சு வாக்ஓவர், எதிர் டீம் வராததால ஆடாமலே ஜெயிச்சது. கப்பு குடுக்குற அன்னைக்கு எதிர் டீம்ல ஏழு பேரு கூட தேறல, ஜெயிச்ச பிள்ளைங்க ஜெர்சிய மாட்டிட்டு சென்டர் சர்க்கிள்ல அரைமணி நேரம் நின்னானுவ, ரெஃபரி வாட்ச்ச பாத்துட்டு விசில் ஊதி முடிச்சிட்டாரு. சுண்டல் விக்க வந்த அக்கா சட்டிய மூடி தலையில வச்சிட்டு பாதியிலயே போயிட்டாங்க. நானும் கமிட்டியில உள்ள ஆளு, அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

இப்ப என்னன்னா, எங்க கமிட்டியில ஒரு தம்பி சொல்றான், டென்மார்க் சூப்பர்லீகாவுலயும் சரியா 12 டீம்தான், அவனுங்க பாதி சீசன் தாண்டுனதும் மேல ஆறு கீழ ஆறுன்னு பிரிச்சு ஆடுறானுங்க, 2023-24 சீசன்ல கடைசி மேட்ச் விசில் ஊதுற வரைக்கும் கப்பு யாருக்குன்னே தெரியாம கெடந்துச்சுன்னு. யாராவது அந்த லீக்க வெளக்கமா பாத்தவங்க இருந்தா சொல்லுங்க. பிரிக்கும்போது பழைய புள்ளி என்னாகும்? கீழ உள்ள ஆறு பேரு எதுக்காக ஆடுவான்? நல்லா ஆடுன டீமுக்கு இதுல அநியாயம் வராதா? அடுத்த மீட்டிங்ல நான் இத எடுத்து வைக்கணும், அதான் கேக்கேன்.

வடசேரி ரைட்பேக்:

அண்ணே, சரியான ஆளுகிட்டதான் கேட்டிருக்கீங்க, அந்த 2023-24 சீசன நான் மொதல்ல இருந்து பாத்தேன்.

மொதல்ல முறைய சொல்லிடுறேன். 12 டீம், ஒவ்வொருத்தரும் மத்தவன் கூட சொந்த கிரவுண்ட்ல ஒண்ணு அவன் கிரவுண்ட்ல ஒண்ணு, மொத்தம் 22 மேட்ச். ஜூலை கடைசியில ஆரம்பிக்கும், டிசம்பர்ல குளிரு தாங்காம நிறுத்திடுவாங்க, நம்ம தடைக்காலம் மாதிரிதான் அங்க ஒரு அடைப்பு, பிப்ரவரி நடுவுல மறுபடி தொடங்கும். 22 முடிஞ்சதும் மேல ஆறு ஒரு குரூப், கீழ ஆறு ஒரு குரூப், அந்த அஞ்சு பேரு கூட மறுபடி ரெண்டு ரெண்டு தடவ, பத்து மேட்ச். ஆக 32. புள்ளி அப்படியே கூட வரும், ஒண்ணும் கழிக்க மாட்டாங்க. பெல்ஜியத்துல பாதியா வெட்டுற பழக்கம் இருந்துச்சு, டென்மார்க்ல அது கெடையாது, அதனால அநியாயம்னு சொல்ல எடமில்ல. மேல ஆறுல கப்புக்கும் ஐரோப்பா போட்டிக்கும் அடி, கீழ ஆறுல கடைசி ரெண்டு பேரு கீழ் டிவிசனுக்கு போகணும். கீழ் குரூப்புல மொதல் வாறவனுக்கும் ஒரு பரிசு உண்டு, மேல் குரூப்புல உள்ள ஒரு டீம் கூட ஒத்த மேட்ச் ஆடி ஜெயிச்சா ஐரோப்பா டிக்கெட். ஏழாவது வந்தவனுக்கும் ஆசை இருக்கும்லா.

இப்ப அந்த கடைசி நாளு. 2024 மே 26, ஞாயித்துக்கெழம. உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அன்னைக்குத்தான் சேப்பாக்கத்துல ஐபிஎல் ஃபைனல், ஹைதராபாத் 113க்கு சுருண்டுச்சே அந்த மேட்ச். எங்க தெரு சாயா கடையில டிவி முன்னாடி அம்பது பேரு, நான் மட்டும் பெஞ்சு ஓரத்துல ஃபோன வச்சு டென்மார்க் ஸ்கோர ரிஃப்ரெஷ் பண்ணிட்டு இருக்கேன். கப்புக்கு முட்டுன ரெண்டு டீமு, ப்ரொண்ட்பிக்கும் மிட்யூலன்ட்டுக்கும் புள்ளி 62, 62. கோல் வித்தியாசத்துல ப்ரொண்ட்பி மேல. ப்ரொண்ட்பிக்கு சொந்த கிரவுண்ட், எதிர்ல ஆர்ஹூஸ் ஊரு ஏஜிஎஃப். மிட்யூலன்ட்டுக்கும் சொந்த கிரவுண்ட்தான், ஹெர்னிங்ல, எதிர்ல சில்கபோர்க்.

யோசிச்சு பாருங்க, ஏஜிஎஃப் அஞ்சாவது எடம், சில்கபோர்க் ஆறாவது எடம். ரெண்டு பேருக்கும் கப்புல ஒரு பங்கும் இல்ல. ஆனா அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் யாரு சாம்பியன்னு முடிவு பண்ணுனாங்க. ஏஜிஎஃப் ப்ரொண்ட்பிய அவன் ஊருலயே 3-2ன்னு சாச்சான். மிட்யூலன்ட் ஜெயிக்கக்கூட இல்ல, 3-3 சமன். அந்த ஒத்த புள்ளி போதுமானதா இருந்துச்சு, 63-62. ப்ரொண்ட்பிக்கு ஒரு டிரா கெடச்சிருந்தாலே கப்பு. கடையில எல்லாரும் சிக்சருக்கு கத்துறாங்க, நான் ஃபோன மடியில வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன், பக்கத்துல இருந்த மாமா என்னலே ஆச்சு வீட்டுல எதுவும் பிரச்சினையான்னு கேட்டாரு.

உங்க போன வருச கதைக்கு இதுதான் மருந்துன்னு எனக்கு தோணுது. இழக்க ஒண்ணும் இல்லாதவனும் முழு பதினொண்ணு பேரோட எறங்கி முழு மூச்சா ஆடுனான், அதனாலதான் அந்த கப்புக்கு ஒரு மரியாத இருக்கு.

கொளச்சல் கப்பல்காரன்:

வடசேரி தம்பி எழுதுனது அத்தனையும் சரி. நான் சரக்குக் கப்பல்ல வேல செய்யேன், ஆர்ஹூஸ் துறைமுகத்துல ரெண்டு தடவ கெடந்திருக்கோம், அதுல ஒரு தடவ லீவு கெடச்சு ஏஜிஎஃப் மேட்ச் பாக்க போனேன். டென்மார்க் முழுசுக்கும் சனம் அறுவது லட்சம் வரும், நம்ம கன்னியாரி மாவட்டமே 2011 கணக்குக்கு 18 லட்சத்து 70 ஆயிரம், அப்ப நம்மள மாதிரி மூணு மாவட்டத்த சேத்தா அந்த நாடு முடிஞ்சு போச்சு. அந்த மிட்யூலன்ட் டீம் இருக்குற ஹெர்னிங் ஊரு நாரோயில்ல கால்வாசி கூட வராது. அதனால அந்த லீக்க பாத்தா எனக்கு பெரிய ஊரு பந்துகளி மாதிரி தோணாது, நம்ம ஊரு கொடியேத்து சமயத்து பந்துகளி மாதிரிதான் தோணும். சைக்கிள்ல பிள்ளைய முன்னாடி பெட்டியில வச்சு தள்ளிட்டு வாறாங்க, கழுத்துல வெள்ள கம்பளி துண்டு.

எனக்கு பக்கத்து சீட்ல ஒரு வயசான அம்மா. காப்பி கப்ப ரெண்டு கையாலயும் பொத்தி புடிச்சிருந்தாங்க, குடிக்கல, சூட்டுக்காக புடிச்சிருக்காங்க. எதிர் டீம் கோல் பக்கம் வந்தா அந்த கப்பு நெஞ்சுக்கிட்ட போகும், பந்து வெளிய போனா மடிக்கு வரும். மேட்ச் முடியிற வரைக்கும் ஒரு வாய் குடிக்கல. நான் இந்தியான்னு சொன்னதும் கேட்டாங்க, நாங்க கடைசியா லீக் ஜெயிச்சது 1986, தெரியுமான்னு. அத சொல்லும்போது அந்த முகத்த பாக்கணுமே. நம்ம பெருசுங்க ஏழு ஏழு பேரா ஆடுன பழைய செவன்ஸ் ஃபைனல பத்தி பேசும்போது வருமே அதே முகம்.

அந்த ஏஜிஎஃப்தான் 2020ல கொரோனா அடைப்பு முடிஞ்சு மொதல் மேட்ச் ஆடுனப்போ, மே 28, ராண்டர்ஸ் கூட, ஆளுங்கள உள்ள விடக்கூடாதுன்னதால கேலரி ஓரத்துல பெரிய பெரிய திரைய நட்டு, வீட்டுல இருக்குற ரசிகர்கள ஜூம்ல கொண்டுவந்து நிறுத்துனாங்க. மேட்ச் 1-1. அப்ப நாங்க நடுக்கடல்ல, வீட்டுக்கு எப்ப போவோம்னு தெரியாம கெடந்தோம், அந்த படத்த ஃபோன்ல பாத்து எங்க செட்டுல ரெண்டு பேரு அழுதுட்டானுவ. பந்து மேல அவ்ளோ பிரியம் உள்ள சனம்.

கேள்விக்கு வாறேன். கீழ ஆறு எதுக்கு ஆடுவான்னு கேட்டீங்க. 2022-23ல லுங்பின்னு ஒரு டீம், குளிர்கால அடைப்பு விடும்போது கடைசி எடம், எல்லாரும் இவன் முடிஞ்சான்னு எழுதிட்டாங்க. ஐஸ்லாந்துக்காரரு ஃப்ரேர் அலெக்சாண்டர்சன் கோச். கீழ் குரூப்புல பிடிச்சு பிடிச்சு ஏறி, கடைசி நாள்ல தப்பிச்சான், அதுக்கு பதிலா ஆல்போர்கும் ஹோர்சென்ஸும் எறங்குனாங்க. ஆல்போர்க் எப்பேர்ப்பட்ட டீம், 2014ல சாம்பியன் ஆனவன். அடுத்த வருசம் 2023-24ல ஓடன்ஸ் ஊரு ஓபி, மூணு தடவ சாம்பியன், அவனும் விடோவ்ரேவும் எறங்குனாங்க. கீழ நடந்த கண்ணீரு மேல நடந்ததுக்கு கொஞ்சமும் கொறைவில்ல.

மார்த்தாண்டம் விசில்:

தம்பிமாரே, நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா இருந்தவன், மாவட்ட மேட்ச்சுக்கு நடுவரா நின்னவன். ஆசையில பேசுறது கொள்ளாம், கணக்கையும் போட்டுப் பாப்போம்.

12 டீம் ஒரு சுத்து ஆடுனா 66 மேட்ச். பொறவு ஆறு ஆறா பிரிச்சு ஒரு சுத்து ஆடுனா ஒரு குரூப்புக்கு 15, ரெண்டுக்கும் 30. மொத்தம் 96 மேட்ச். உங்களுக்கு கிரவுண்ட் ஒண்ணு, லைட் கெடையாது, சாயந்தரம் ரெண்டு மேட்சுதான் நடத்த முடியும். அப்ப 48 நாள். நம்ம மேற்கு கரை தடைக்காலம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் 61 நாள், அதுல அடங்கும். ஆனா உங்க பிள்ளைங்கள்ல பாதி பேரு கொச்சியில இருந்து போட் எறக்குறவங்கல்லா, கேரளாவுல தடை 52 நாள்தான், ஜூன் 9 ராத்திரிதான் ஆரம்பம். அவங்க கரைக்கு வந்து சேந்த பொறவுதான் டீம் முழுசாகும். அப்ப கையில 52 நாள், மேட்ச் 48 நாள். நாலே நாலு நாள் மிச்சம். இடவப்பாதி மழைய யாரு பாக்குறது? கடக்கரை மணல் தண்ணிய குடிச்சிரும், சரி, ஆனா பேமழையில கோல்கீப்பருக்கு பந்து தெரியாது, நான் நின்னு பாத்தவன்.

அதனால ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு காலையில ஒரு மேட்ச் கூட வைங்க. ஏழு ஞாயிறு வந்தா ஏழு மேட்ச் கொறையும், மூணு மூணர நாள் கையில மிஞ்சும். மேட்ச 30-30 நிமிசமா வைங்க. அப்ப நடக்கும்.

இன்னொண்ணு. இந்த முறை வச்சா எல்லா வருசமும் கடைசி நாள் வரைக்கும் இழுக்கும்னு யாரும் நெனச்சிரக் கூடாது. 2018-19ல அங்க 14 டீம், அப்பவும் பிரிச்சுத்தான் ஆடுனாங்க, எஃப்.சி. கோபன்ஹேகன் நிக்காம போயிட்டான், ராபர்ட் ஸ்கோவ் ஒத்த சீசன்ல 29 கோல், அந்த லீக்லயே அதுதான் ரெக்கார்டு. நல்ல டீம் வந்தா எந்த முறையும் தடுக்காது, தடுக்கவும் கூடாது. ஆனா 12 டீமா மாத்துன பொறவு 2020-21ல ப்ரொண்ட்பி 16 வருசம் கழிச்சு ஒரு புள்ளியில ஜெயிச்சான், 2023-24ல மிட்யூலன்ட் ஒரு புள்ளி, 2024-25ல கோபன்ஹேகன் 63, மிட்யூலன்ட் 62, மறுபடி ஒரு புள்ளி. அஞ்சு சீசன்ல மூணு.

டை வந்தா என்ன செய்வீங்கன்னும் இப்பவே எழுதி வைங்க. 2001-02ல ப்ரொண்ட்பிக்கும் கோபன்ஹேகனுக்கும் 69, 69, கோல் வித்தியாசத்துலதான் ப்ரொண்ட்பிக்கு கெடச்சுது. உங்க ஊருல வாக்ஓவருக்கு 3-0ன்னு எழுதுறீங்க, அப்ப வாக்ஓவர் வாங்குனவனுக்கு சும்மா மூணு கோல் ஏறும். அத வச்சு கப்பு முடிவாச்சுன்னா அடிதடியில நிக்கும். ரெண்டு பேரும் தங்களுக்குள்ள ஆடுன மேட்ச மொதல்ல பாருங்க, பொறவு கோல் வித்தியாசம்.

வடசேரி ரைட்பேக்:

சாரே, அந்த வாக்ஓவர் கணக்கு எனக்கு தோணவே இல்ல, நூறு சதவீதம் சரி.

ஒரு சின்ன விசயம் மட்டும் சேக்கேன். சின்ன ஊரு டீம் எங்க மேல வரப்போகுதுன்னு சிலரு கமிட்டியில சொல்லுவாங்க. 1999-2000ல ஹெர்ஃபோலன்னு ஒரு குட்டி ஊரு டீம் டென்மார்க் சாம்பியன் ஆச்சு. அடுத்த சீசனே கீழ எறங்கியும் போச்சு, கொஞ்ச வருசம் கழிச்சு பக்கத்து ஊரு கேகே கூட சேந்து வேற பேரு வச்சிட்டாங்க. ஆனா அந்த ஒரு வருசத்த யாராலயும் அழிக்க முடியாது. 2011-12ல நோர்ஷெலன்ட், ஃபாரும் ஊருக்காரங்க, காஸ்பர் யுல்மண்ட் கோச்சா இருந்து ஜெயிச்சாரு, அடுத்த வருசம் சாம்பியன்ஸ் லீக்ல யுவென்டஸ் கூட 1-1 டிரா. இரவிபுத்தன்துறை மண்ணுல சவுட்டி பழகுன மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல், இந்தியன் சூப்பர் லீக் வரைக்கும் போனத நாம கண்ணால பாத்தோம்லா, அதனால சின்ன ஊருன்னு யாரும் சொல்லப்படாது.

கடக்கரை பதினொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து மீட்டிங் நடந்துச்சு. விசில் சாரோட கணக்க அப்படியே பேப்பர்ல எழுதி கொண்டு போனேன், 96 மேட்ச், 48 நாள், ஞாயிறு மூணு. மொதல்ல ரெண்டு ஊருக்காரங்க எதுத்தாங்க, போன வருசம் ஜெயிச்ச டீமோட கேப்டன்தான் எந்திரிச்சு பேசுனான். எங்களுக்கு கப்பு கெடச்சுது, ஆனா கடைசி மேட்ச் ஆடாம கெடச்சுது, எங்க அப்பா கடல்ல இருந்து வந்து அந்த மேட்ச பாக்கத்தான் வலைய பாதியில விட்டுட்டு கரைக்கு வந்தாரு, அவருக்கு பாக்க ஒண்ணும் இல்லாம போச்சுன்னான். அதுக்குப் பொறவு யாரும் எதுத்து பேசல.

புள்ளி முழுசா கூட வரும், டை வந்தா தங்களுக்குள்ள ஆடுன மேட்ச், கீழ் குரூப்புல மொதல் வாறவனும் மேல் குரூப்புல கடைசி வாறவனும் ஒரு மேட்ச் ஆடணும், ஜெயிக்கிறவனுக்கு தனி பரிசு, அது டென்மார்க்ல இருந்து எடுத்ததுதான். வாக்ஓவர் குடுத்தா அடுத்த வருசம் சேத்துக்கிட மாட்டோம்னும் முடிவாச்சு.

ஒரே ஒரு எடத்துல முட்டி நிக்குது. அங்க கடைசி நாள் மேல் குரூப்பு மேட்ச் எல்லாம் ஒரே நேரத்துல ஆரம்பிக்கும், ப்ரொண்ட்பியும் மிட்யூலன்ட்டும் அப்படி ஒரே நேரத்துல ஆடுனதாலதான் அந்த தவிப்பு. எங்ககிட்ட கிரவுண்ட் ஒண்ணுதான். முன்னாடி ஆடி முடிச்சவன் ஸ்கோர பாத்துட்டு பின்னாடி ஆடுறவன் கணக்கு பண்ணி ஆடுனா சரிப்படாது. பக்கத்து ஊரு பள்ளிக்கூட கிரவுண்ட கேக்கலாம்னா அங்க ஒரு பக்கம் கோல்போஸ்ட் சாஞ்சு கெடக்கு, நெட்டும் இல்ல. ஒக்கி புயல்ல சாஞ்சது, அதுக்குப் பொறவு யாரும் தொடல.

கொளச்சல் கப்பல்காரன்:

நெட்ட நான் பாத்துக்கிடுறேன், வீட்டுல பழைய வலை கெடக்கு, எங்க பெரியப்பா மகன் பின்னி தருவான். ஏப்ரல் கடைசியில லீவுல வாறேன்.

மார்த்தாண்டம் விசில்:

போஸ்ட்டுக்கு வெறும் இரும்பு பைப் வேண்டாம் தம்பி, உப்புக்காத்துல ரெண்டு வருசத்துல அரிச்சிரும். துத்தநாகம் பூசுன ஜி.ஐ. பைப் எடுத்து அடியில காங்கிரீட் போடுங்க. அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44, ஒரு விரல்கடை கொறையக்கூடாது. கடைசி நாள் ரெண்டாவது கிரவுண்ட்ல விசில் ஊத ஆள் வேணும்னா நான் வாறேன், எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க.